மூன்று டாலர் ஓடம்

முள்ளக்கழி என்ற உப்பங்கழியில் ஓடம் வந்து நின்ற வியாழக்கிழமை காலையில் கஸ்பார் மோத்தா வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு எழுந்து, கருப்பட்டிக் காப்பி குடித்து, பூதக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு, தன் நோட்டுகள் நலமாக விடிந்திருக்கின்றனவா என்று பார்க்க உட்கார்ந்தபோது, ஹார்லோ ஃபெர்ரி வங்கியின் மூன்று டாலர் நோட்டில் ஆறு இருந்தது, ஆற்றங்கரை இருந்தது, கரையில் மரவீடும் வேலியும் இருந்தன, வேலியோரமாக நெற்றியில் கைவைத்து ஆற்றைப் பார்த்து நிற்கும் பெண் இருந்தாள், ஓடம் மட்டும் இல்லை.

முதலில் அவர் பூச்சியைத்தான் சந்தேகப்பட்டார். ஆனால் பூச்சி அரித்தால் ஓட்டை விழும். இங்கே ஓட்டை இல்லை, சுரண்டல் இல்லை. ஓடம் இருந்த இடத்தில் ஆற்றின் மெல்லிய அலைக்கோடுகள், அதைச் செதுக்கியவன் அங்கே ஓடம் ஒன்று வேண்டும் என்று ஒருநாளும் நினைக்காதவனைப் போல, விடாமல் தொடர்ந்து ஓடின.

"ரெஜினாள், இங்கன கொஞ்சம் வா. இதுல ஓடம் ஒண்ணு இருந்துச்சுல்லா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெட்டியத் தொட்டா கை அழுகிரும்னு சொன்னது நீங்கதான்" என்றாள் அவர் மனைவி அடுக்களையிலிருந்து. பிறகு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கழியில என்னமோ ஒண்ணு நிக்கி. அதுவான்னு பாருங்க."

அதுதான். இரண்டு விரல்கடை நீளமே இருந்த ஓடம் இப்போது முப்பது அடி நீளத்தில், தட்டையான அடிப்பலகையும் இருபக்கக் கைப்பிடிக் கம்புகளுமாக, நடுவில் ஒரு பசுமாட்டையும் பின்னால் நீண்ட கோலூன்றி நிற்கும் தொப்பிக்காரனையும் சுமந்துகொண்டு, வட்டக்கிணறு காலனியின் கரையை ஒட்டி நின்றது. மொத்தமும் கறுப்புக் கோடுகளால் ஆகியிருந்தது. மரத்தின் ரேகை கோடு, மாட்டின் விலா கோடு, அவன் தாடி கோடு, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் பழைய தாளின் மங்கிய வெள்ளை. நோட்டை வருடக்கணக்கில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் என்பதால் கஸ்பாருக்கு மாட்டின் இடது கொம்பு லேசாக முறிந்திருப்பதுகூடத் தெரிந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தாறு வருடம் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முதல் நோட்டை ஒரு கிரேக்கக் கப்பலின் சமையற்காரன் மாசிக் கருவாட்டு ஊறுகாய்க்குப் பதிலாகக் கொடுத்தான். அதைத் தொடர்ந்து மாலுமிகளிடமும் தபாலிலும் அவர் சேர்த்த அறுபத்தொரு நோட்டுகளும் ஒரே சாதி: அமெரிக்காவில் அரசாங்கமே நோட்டு அடிக்கத் தொடங்குவதற்கு முன்பு, ஊருக்கு ஊர் வங்கி வைத்து, வங்கிக்கு வங்கி தனித்தனி நோட்டு அடித்து, காசாளரும் தலைவரும் மையில் கையெழுத்துப் போட்டு, கேட்டபோது வெள்ளி தருவோம் என்று எழுதிக்கொடுத்த காலத்து நோட்டுகள். ஒருபக்கம் மட்டுமே அச்சு. பின்பக்கம் வெறுமை. நோட்டைக் கொண்டுவந்தவனுக்கு வெள்ளியைக் கொடுத்துவிட்ட வங்கி, அந்த நோட்டின் கையெழுத்தில் ஒரு கீறல் போட்டு வெட்டிவிடும். வெட்டு விழுந்த நோட்டு வாக்கு நிறைவேறிய நோட்டு. திவாலான வங்கிகளின் நோட்டுகளோ வெட்டுப்படாமல், ஏமாந்தவர்களின் பெட்டிகளில் முழுசாகக் கிடந்தன. சேகரிப்பவர்கள் தேடுவது இந்த முழுசானவற்றைத்தான்.

"ஏமாந்தவன் நோட்டுக்குத்தான் மதிப்புன்னு சொல்லுதிய" என்பாள் ரெஜினாள். ஐந்நூறும் ஆயிரமும் ஒரே ராத்திரியில் செல்லாமல் போய், ஊரே வங்கி வாசலில் வரிசை கட்டிய வருடத்தில், அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "எல்லாரும் செல்லாத நோட்ட மாத்த நிக்காவ. நீங்க பெட்டியோட போய் நில்லுங்களேன்."

மூன்று டாலர் நோட்டு அவருக்கு உடைக்கப்போகிற ஒரு கப்பலில், கேப்டன் அறையில் கிடந்த ஜெபப் புத்தகத்தின் உள்ளட்டையில் கிடைத்தது. 1838 என்று மையில் எழுதி, இ. பெல் என்று காசாளர் கையெழுத்திட்டிருந்தார். ஹார்லோ ஃபெர்ரி என்ற ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. இந்த நோட்டுகளுக்கென்று அமெரிக்காவில் ஆல்டன் என்பவர் தொகுக்கும் பெரும்பட்டியலில், அந்த வங்கியின் பெயருக்கு எதிரே மூன்று பதிப்புகளாக ஒரே வரிதான் இருந்தது: இருந்ததா என்பது சந்தேகம். அந்த வரியை மாற்றுவதற்காகவே தன்னைக் கடவுள் படைத்தார் என்று கஸ்பார் மோத்தா வெளியே சொன்னதில்லை. ஆனால் வேறு எதற்காகப் படைத்தார் என்றும் அவருக்குத் தோன்றியதில்லை.

வட்டக்கிணறு காலனிக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடப்பது முள்ளக்கழி. அகலம் இருநூறு அடிதான், ஆனால் இறங்கினால் இடுப்புவரை சேறு உள்ளே இழுக்கும், அதனால் அளத்து வேலைக்குப் போகிற பெண்கள் பாலத்து ரோட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடந்து போய், பகல் முழுக்க உப்பு சுமந்து, அதே ஐந்து கிலோமீட்டர் நடந்து திரும்பினார்கள். கழியின் மேல் பாலம் கட்ட இரண்டு முறை அடிக்கல் நாட்டியாயிற்று. இரண்டு கல்லிலும் இப்போது ஆடு கட்டுகிறார்கள்.

அன்று கரையில் முதலில் வந்து நின்றவள் பேச்சிக்கனி. இருபது வருடம் உப்பு சுமந்து உள்ளங்கால் வெடித்தவள், காலனிப் பெண்களுக்கு அவள் சொல்தான் சொல். ஓடத்தையும் மாட்டையும் தொப்பிக்காரனையும் ஒருமுறை பார்த்தாள்.

"அண்ணாச்சி, அக்கரைக்கா?"

தொப்பிக்காரன் தலையசைத்தான்.

"மாடு முட்டுமா?"

மாடு முட்டவில்லை. பேச்சிக்கனி ஏறியதும் அவள் சிவப்புச் சேலை சாம்பல் நிறமாயிற்று, கை வளையல் சாம்பலாயிற்று, வெற்றிலை போட்ட உதடு சாம்பலாயிற்று. அக்கரையில் கால் வைத்ததும் நிறமெல்லாம் திரும்பி வந்தது. கரையில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, நேரமாகிறது என்று ஏறினார்கள்.

அன்று தொடங்கி காலை ஆறரைக்கு ஓடம் கழியில் இருக்கும், மாலை மாதா கோயிலில் ஆறுமணிச் செபமணி அடித்ததும் நோட்டில் இருக்கும். எப்படிப் போனது, எப்படி வந்தது என்று யாரும் நின்று பார்த்ததில்லை, அந்த நேரம் எல்லா வீட்டிலும் உலை வைக்கும் நேரம். ஓடத்தில் இருக்கும்வரை முழங்கால் வலிக்கவில்லை என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். படத்தில் இருக்கிறவர்களுக்கு வலி ஏது என்றாள் ஒருத்தி, அதை மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஓடம் கரையை நெருங்கும்போதே முன்னால் நிற்பவளின் சேலைக்கரை நரைக்கத் தொடங்கிவிடும் என்பதும் தெரிந்துபோயிற்று, அதனால் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறவர்கள் திரும்பிப் பார்க்காமலே, கீழே குனிந்து சேலையைப் பார்த்து, ஓடம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள்.

கூலியாக நீட்டிய பத்து ரூபாயைத் தொப்பிக்காரன் வாங்கி, இருபுறமும் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். அவன் ஊரில் எல்லா நோட்டையும் அப்படிப் பார்த்துத்தான் வாங்குவார்கள், பாதிக்குப் பாதி கள்ள நோட்டு என்று கஸ்பார் விளக்கியபோது, "நம்ம காசு அவருக்கு நம்பிக்கையில்ல, அவ்வளவுதான" என்று பேச்சிக்கனி முடித்துவிட்டாள். அவனுக்கு அமெரிக்கா அண்ணாச்சி என்று பெயர் விழுந்தது.

பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஓடத்தில் விழுந்த ஒவ்வொரு துளியும் சிறு சிறு கோடாகச் சிதறியது, அவர் பார்த்தும் பார்க்காததுபோல் அடுத்த செபத்துக்குப் போனார். கவுன்சிலர், தன் முயற்சியால் வந்த ஓடம் என்று ஃபிளெக்ஸ் வைத்தார். பதிவு எண் இல்லாத மரக்கலம் இயங்குவதாகப் புகார் வந்திருக்கிறது, உரிமையாளர் ஆவணம் காட்டவேண்டும் என்று ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து கடிதம் வர, கஸ்பார் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்திட்டு அனுப்பினார். மாட்டுக்குத் தனி அனுமதி வாங்கவும் என்று பதில் வந்தது, அதோடு அந்தக் கோப்பு முடிந்தது. அக்கரையிலிருந்து பெண்ணழைத்து வந்த ஒரு கல்யாண வீட்டில் மட்டும், முகூர்த்தப் பட்டு சாம்பலாகத் தெரிவது சகுனமா என்று சண்டை வந்து, கடைசியில் பெண்ணே, "எறங்குனா செவப்புதான, எல்லாரும் ஏறுங்க" என்று சொல்லி ஏறினாள். அந்த ஆல்பத்தில் நடுவில் ஒரு பக்கம் மட்டும் பழைய காலத்துப் படம்போல் இருக்கிறது, மாடும் விழுந்திருக்கிறது.

கஸ்பாருக்கும் மாலைகள் வேறாகிவிட்டன. மணியடித்ததும் நோட்டை எடுத்துப் பார்ப்பார். ஓடம் தன் இடத்தில் இருக்கும். கரையில் நிற்கிற பெண்ணின் முகத்தில், பகலில் பார்த்தால் இல்லாத ஒரு சின்னக் கோடு, வாயோரமாக வளைந்து, இருக்கும். அது சிரிப்பா என்று அவர் மூன்று மாதம் ஆராய்ந்தார். பிறகு ரெஜினாளைக் கூப்பிட்டுக் காட்டினார். "இதக் கண்டுபிடிக்க மூணு மாசமா?" என்றாள் அவள்.

ஒரு மாலையில் நோட்டைப் படமெடுத்து ஆல்டனுக்கு அனுப்பினார். பதில் இரண்டே நாளில் வந்தது. படம் உண்மையாக இருந்தால் இது பட்டியலின் சரித்திரத்தில் முக்கியமான கண்டுபிடிப்பு, அடுத்த பதிப்பில் வங்கியின் பெயரும் கண்டெடுத்தவர் பெயராக கஸ்பார் மோத்தா, தூத்துக்குடி என்றும் வரும், பெங்களூரிலிருக்கும் எங்கள் பிரதிநிதி திரு. பிரபாகர் காமத் டிசம்பர் முதல் சனிக்கிழமை நேரில் வந்து தாளையும் கையெழுத்தையும் பார்ப்பார். கஸ்பார் அந்தக் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டு, ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: காமத் மாலை ஆறு மணிக்குப் பிறகு வரவேண்டும்.

சனிக்கிழமைக்கு நான்கு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்க அவர் டவுனுக்குப் போயிருந்தபோதுதான் அது நடந்தது.

வட்டக்கிணற்றில் லேமினேஷன் போடாத முக்கியமான காகிதம் என்று ஒன்று இல்லை. குடும்ப அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்த படம், செத்துப்போன புருஷனின் கடைசிக் கடிதம், எல்லாம் பளபளவென்று கண்ணாடித்தாளுக்குள் இருந்தன, ஏனென்றால் உப்புக்காற்று எழுத்தைத் தின்றுவிடும், வேர்வைக் கை மீதியைத் தின்றுவிடும், இதைக் காலனியில் எல்லோரும் அனுபவத்தில் அறிவார்கள். அன்போடு ஒரு காகிதத்துக்குச் செய்யக்கூடியது அது ஒன்றுதான். ஓடம் வந்து ஒரு வருடம் நிறைகிறது என்று பேச்சிக்கனி நாலு பெண்களோடு வந்து ரெஜினாளிடம் நின்றாள்.

"யக்கா, அந்த நோட்டு எம்புட்டு நைஞ்சி கெடக்கு. அண்ணாச்சி தெனம் ராத்திரி அதுலதான படுக்காரு. ஒரு லேமினேஷன் போட்டு, பிரேம் வச்சி, மாலை போட்டுக் கொண்டாந்திருதோம். நம்ம சார் டவுன்லருந்து வந்து பாத்தா அசந்துருவாரு."

ரெஜினாள் யோசித்தாள். முப்பது வருடம் கேலி செய்த நோட்டுக்கு, வெளியூர்க்காரர் வருகிற நேரத்தில், தானும் ஒரு நல்லது செய்ததாக இருக்கட்டும் என்று நினைத்தாள். பெட்டியைத் திறந்தாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, ஓடம் கழியில் இருக்கையில், ஜெயபால் ஜெராக்ஸ் கடையில் நோட்டு சூடான உருளைகளுக்கு நடுவே போய் மறுபக்கம் வந்தது.

கஸ்பார் திரும்பி வந்தபோது பிரேமில் சம்பங்கி மாலை போட்டு, சுற்றிச் சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் வாசலில் நின்றார்கள். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நல்லாருக்கா சார்?" என்றாள் பேச்சிக்கனி.

"நல்லாருக்கு" என்றார் அவர்.

அவர்கள் போனபிறகு ஜெயபால் கடைக்கு நடந்தே போனார். ஜெயபால் கையைத் துடைத்துக்கொண்டு, "எடுக்கவா? போட்டா போட்டதுதான் சார். உரிச்சா மையும் சேர்ந்து வந்திரும். அதுக்குத்தான போடுறது" என்றான். சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து ஸ்டூலைத் தள்ளிப் போட்டான்.

அன்று செபமணி அடித்தது. ஓடம் கழியிலேயே இருந்தது.

காலனிக்கு முதலில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏழு மணிக்கும் ஓடம், எட்டு மணிக்கும் ஓடம், சினிமாவுக்குப் போனவர்கள்கூட ஓடத்தில் திரும்பினார்கள். புதன்கிழமை காலையில் அக்கரையில் இறங்கிய பெண்களின் சேலைக்கு நிறம் திரும்பியது, ஆனால் முந்தானையில் கறுப்பாக மை ஒட்டியிருந்தது. அலசினால் போயிற்று. மத்தியானம் ஓடத்தில் இரண்டு பலகை மெலிந்திருந்தது. வியாழக்கிழமை மாட்டுக்கு வாலில்லை. அமெரிக்கா அண்ணாச்சியின் கோட்டில் பொத்தான்கள் கரைந்திருந்தன, கோலூன்றும் கை கோடு கோடாக அவிழ்ந்து, உப்புத்தண்ணீரில் மெல்லிய கறுப்பு இழைகளாக மிதந்து போயிற்று. ராத்திரி நோட்டுக்குள் போய் உலராமல், இரவும் பகலும் உப்பில் நின்றால் மை எத்தனை நாள் தாங்கும்? அவன் வழக்கம்போல் ஆட்களை ஏற்றி இறக்கினான். ஆனால் ஆறுமணி அடிக்கும்போது மட்டும் ஓடத்தைத் திருப்பி, கஸ்பார் வீட்டுப் பக்கமாகக் கொண்டுவந்து, கரையில் முட்டி, சற்றுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினான்.

வீட்டுக்குள் கஸ்பார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண்ணாடித்தாளுக்கு அடியில் அந்தப் பெண் நெற்றியிலிருந்து கையை இறக்கியிருந்தாள். வியாழக்கிழமை மாலை வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆல்டனுக்கு உண்மையை எழுதினார், லேமினேஷன் வரை. பதில் ஆறுதலாக வந்தது. வருத்தமான விஷயம், ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. எங்கள் சோதனைக்கூடத்தில் ஆறு வாரத்தில் அதைப் பிரித்துவிடலாம். சூட்டில் படத்தின் ஒரு பகுதி அழிந்திருந்தாலும் பரவாயில்லை, பழைய நோட்டுகளில் அது சகஜம். கையெழுத்து முழுசாக இருந்தால் போதும், உங்கள் பெயர் வரும். தயவுசெய்து கத்தி, கத்தரி எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

ஆறு வாரம். கஸ்பார் கழியைப் பார்த்தார். இன்னும் ஒருநாள் தாங்கினால் அதிகம்.

வெள்ளிக்கிழமை அவர் சாப்பிடவில்லை. நோட்டில் ஆறு எங்கே போகிறது என்று பார்த்தார். வீட்டின் முன்னால் ஓடி, இடப்பக்கம் வளைந்து, இ. பெல் என்ற கையெழுத்தின் அடியில் நுழைந்து, தாளின் விளிம்பில் முடிந்தது. வேறு வழி இல்லை. ஓடம் ஆற்றுக்குள் நுழையக் கண்ணாடித்தாளை வெட்டினால் கையெழுத்தின் நடுவில்தான் வெட்டவேண்டும். வங்கிக்காரர்களும் அங்கேதான் வெட்டுவார்கள்.

"நாளைக்கு அந்த மனுசன் வாராரு" என்றாள் ரெஜினாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஆமா."

"எனக்காகப் பாக்காதிய. நான் செஞ்ச தப்புக்கு நான் அழுதுக்கிடுதேன்."

"நீ தப்பு எதும் செய்யல. எழுதியிருக்கத வாசிச்சேன். கேட்டபோது தருவோம்னு எழுதியிருக்கு. வெள்ளி குடுக்க வழியில்லாமப் போச்சு அவனுகளுக்கு. ஒரு வருசமா ஓடம் விட்டுக் குடுத்திருக்கான் அந்த மனுசன். இன்னும் இதுல என்ன பாக்கி இருக்கு?"

ரெஜினாள் ஒரு புது பிளேடைப் பிரித்துக் கொண்டுவந்து வைத்தாள். "ஒத்தக் கையில முடியாது. நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க வெட்டுங்க."

ஆனால் அதற்குமுன் பேச்சிக்கனியிடம் சொல்ல வேண்டியிருந்தது. வெட்டினால் அவன் வீட்டுக்குப் போவான், திரும்பி வருவானா என்று தெரியாது, திங்கள்கிழமை பாலத்து ரோட்டில்தான் நடக்கவேண்டியிருக்கும் என்று கஸ்பார் சொன்னபோது, அவள் தன் முந்தானையில் ஒட்டியிருந்த மையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நாலு நாளா அவரு வீட்டுக்குப் போவலியே சார். எங்களாலதான?"

"தெரியாமச் செஞ்சது."

"நடந்த காலுதான, நடப்போம். சும்மா அனுப்பக்கூடாது அவர" என்றாள்.

ஆறுமணிக்குக் கொஞ்சம் முன்னால், ஓடம் கஸ்பார் வீட்டுப்பக்கம் வந்து முட்டியபோது, அதில் பாதிப் பலகை இல்லை, மாட்டில் முகமும் முன்கால்களும் மட்டும் இருந்தன. பேச்சிக்கனி முழங்கால் சேற்றில் இறங்கி, ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைத் தூக்கி அவன் காலடியில் வைத்தாள். உள்ளே சோறும் சாளைமீன் குழம்பும். வாளியின் வயிற்றில், எல்லாப் பாத்திரத்திலும் வெட்டியிருப்பதுபோல், புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: பே. கனி, வட்டக்கிணறு.

"அண்ணாச்சி, போற வழியில சாப்பிடுங்க. வீட்லயும் குடுங்க."

அவன் தொப்பியை எடுத்தான். அதற்குமுன் அவன் தொப்பியை எடுத்து யாரும் பார்த்ததில்லை. தலை வழுக்கை.

மணி அடித்தது. உள்ளே ரெஜினாள் இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்துக்கொள்ள, கஸ்பார் மோத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு, காசாளர் பெல்லின் பெயரை நடுவில் கீறி விளிம்புவரை வெட்டினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வெட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து மேசையில் விழுந்தது. ரெஜினாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பில்ல" என்றாள். "நல்ல தண்ணி."

மறுநாள் மாலை காமத் வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். ஓடம் நோட்டில் இருந்தது, பலகையெல்லாம் நிறைந்து, மாடு வாலோடு. அவர் லேமினேஷனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், வெட்டைப் பார்த்து இன்னும் பெரிதாக விட்டார், பிறகு தன் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிர ரொம்ப நேரமாயிற்று.

"சார், படகில் ஒரு பாத்திரம் இருக்கு."

"ஆமா."

"அதுல தமிழ்ல ஏதோ எழுதியிருக்கு."

"பே. கனி, வட்டக்கிணறு" என்றார் கஸ்பார்.

காமத் கண்ணாடியைக் கழற்றி மெதுவாக உறையில் போட்டார். "நல்ல வேலைப்பாடு சார். இவ்வளவு நுணுக்கமான கைவேலையை நான் பார்த்ததில்லை. ஆனா ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தெட்டில் தூக்குவாளி கிடையாது. நீங்க அனுப்பின படத்துலயும் இது இல்ல. யார் செஞ்சதுன்னு நான் கேட்கமாட்டேன்."

"வெட்டினது நான்" என்றார் கஸ்பார். "வாளி அவங்க குடுத்தது."

காமத் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த பதிப்பில் ஹார்லோ ஃபெர்ரி வங்கிக்கு எதிரே இருந்த வரி மாறியது. போலி, ஒரு மாதிரி தென்னிந்தியாவில் காணப்பட்டது என்று வந்தது. காமத் மரியாதைக்காகப் பெயரை விட்டுவிட்டார். கஸ்பார் அந்தப் பக்கத்தைப் படித்து, மடித்து, பெட்டியில் வைத்தார், லேமினேஷன் போடவில்லை.

பெண்கள் பாலத்து ரோட்டில் நடந்தார்கள். ஓடம் நோட்டைவிட்டு வரவில்லை. கஸ்பார் தினமும் பார்த்தார். ஒரு வாரம் கழித்து வாளி ஓடத்தில் இல்லை. வீட்டு வேலியில், கழுவிக் கவிழ்த்துக் காயவைத்திருந்தது. அதைப் பேச்சிக்கனியிடம் போய்ச் சொன்னார். அவள் கால் வெடிப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுவியாச்சா? அப்ப சரி" என்றாள். "எங்க வீட்டுப் பாத்திரம் யாரு வீட்டுக்குப் போனாலும் வெறுமனே திரும்பி வந்ததில்ல சார். ஒரு பிடி பயறாவது போட்டுத்தான் குடுப்பாவ. அந்தப் பொம்பளயப் பாத்தா தெரியுதுன்னு ரெஜினாள் அக்கா சொன்னாவ, அவ வெறும் வாளியக் குடுத்துவிடற ஆளு இல்லன்னு."

"அங்க என்ன வெளையுதோ."

"வெளையட்டும். மெதுவா வெளையட்டும்."

நோட்டில் வேலிக்கு அந்தப் பக்கம், முன்பு வெறும் கோடாக இருந்த நிலத்தில், சிறு சிறு கீற்றுகள் முளைத்தன. சோளமா, வேறு ஏதாவதா என்று கஸ்பாருக்குத் தெரியவில்லை. அவை வளர்ந்தன. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பார்த்தபோது வேலியில் வாளி இல்லை. வீட்டுக் கதவு திறந்திருந்தது, புகைபோக்கியில் மூன்று மெல்லிய கோடுகள் வளைந்து மேலேறின. அவர் செருப்பைக்கூடப் போடாமல் பேச்சிக்கனி வீட்டுக்குப் போனார்.

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, அடுத்த வீட்டுக்காரியிடம், "நாளைக்கு ஒருத்தரும் நடக்காதிய. கழிக்கரைக்கு வாங்க" என்றாள். அவள் அடுத்த வீட்டுக்குச் சொன்னாள்.

திங்கள்கிழமை காலை நாற்பது பெண்கள் உப்புக் கூடைகளோடு கரையில் உட்கார்ந்திருந்தார்கள். கழி வெறுமையாக, விடிகிற வெளிச்சத்தில் தட்டையாகக் கிடந்தது. யாரோ அளத்துக் கணக்கப்பிள்ளை திட்டுவான் என்றாள். யாரோ திட்டட்டும் என்றாள். கஸ்பார் ஆடு கட்டும் அடிக்கல்லில் உட்கார்ந்திருந்தார், பூதக்கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது, பக்கத்தில் ரெஜினாள். மணி ஆறு இருபத்தெட்டு ஆயிற்று, ஆறு இருபத்தொன்பது ஆயிற்று. தண்ணீரில் ஒன்றும் இல்லை. பேச்சிக்கனி மட்டும் கழியைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தன் சிவப்புச் சேலையின் கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது மெல்ல நரைக்கத் தொடங்கியது.